கலையரங்கிலேயே கலைஞர்கள் தங்க இடம்: வேலூர் வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு, ஆரணி பக்கம் கலையரங்கம் கட்டுகிறவர்கள் இப்போது வெளியூர்க் கலைஞர்கள் தங்கவும் ஓர் இடம் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழு கேட்கிறது, கல்லூரிக் கலை மன்றம் கேட்கிறது, சொந்த நிலத்தில் சின்னக் கூடம் போடும் கூத்து வாத்தியாரும் கேட்கிறார். கட்டடத்துக்கு பிளான் போடுவது என் தொழில். விடிய விடியக் கூத்து பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை என்பதால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதிப் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சங்கடமானவை பின்னால்.

வேலூர்ல தடுக்கி விழுந்தா லாட்ஜ். அப்புறம் எதுக்குங்க தனியா ரூம் கட்டணும்?

லாட்ஜ் நிறைய இருக்கிறது, உண்மைதான். ஆனால் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள் பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் அவை. அங்கே பதினைந்து பேருக்கு ஒரே நாளில், ஒரே மாடியில் அறை கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கிடைத்தாலும் நேரம் ஒத்துவராது. கூத்து முடிந்து, காதோரம் அரிதாரம் ஒட்டிக்கொண்டிருக்க, ஜமா, அதாவது கூத்துக் குழு, காலை ஆறரைக்கு வந்து இறங்கும். ஒன்பது மணிக்குப் பெருக்க வருகிறவர் கதவைத் தட்டுவார். பத்து மணிக்குப் பக்கத்து அறையில் குழந்தை அழும். ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமம் என்றால் லாட்ஜ் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கோயில் மண்டபமோதான் கதி. பங்குனி, சித்திரையில் பள்ளியில் பரீட்சை நடக்கும், மண்டபத்தில் பூஜை நடக்கும்.

சரி, கட்டுறோம். முதல்ல எதை முடிவு பண்ணணும்? எத்தனை ரூம்னா?

அறை எண்ணிக்கை அப்புறம். வரப்போகிறவர் எப்போது தூங்குவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே நான் சொல்லப்போகிற பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்தே வருகின்றன.

கூத்துக் கலைஞர் இரவு பத்து மணிக்கு மேல் களரி (ஆடுகளம்) ஏறி, விடியும்போது இறங்கி, பகலில் தூங்குகிறவர். மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் பாரத விழா என்றால் இப்படியே தொடர்ந்து பத்து இரவு, சில ஊர்களில் அதற்கும் மேல். நாதஸ்வர, தவில் கலைஞர்கள் விடியற்காலைப் பூஜைக்கும் ராத்திரி சாமி ஊர்வலத்துக்கும் வாசித்துவிட்டு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் கண்ணயர்வார்கள். பரதநாட்டியக் குழு மாலை நிகழ்ச்சி முடித்து ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கும். ஒரு மாதம் தங்கி வேலை செய்ய வரும் ஓவியர் எப்போது தூங்குவார் என்று அவருக்கே தெரியாது. இவர்களில் உங்கள் அரங்குக்கு யார் அதிகம் வருவார்கள் என்று எழுதிக் கையில் வைத்துக்கொண்ட பிறகு பிளான் போட உட்காருங்கள்.

ஒரு ஜமான்னா எத்தனை பேரு? எவ்வளோ இடம் விடணும்?

வேஷக்காரர்கள், மத்தளம், ஹார்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு, வேன் டிரைவர் எல்லாரும் சேர்ந்து பன்னிரண்டிலிருந்து பதினெட்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டுக்குத் திட்டம் போட்டால் நெருக்கடி வராது.

பன்னிரண்டு பேருக்கு ஒரு பொதுக்கூடம் போதும். உள் அளவு 30 அடிக்கு 16 அடி. இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேர், நடுவில் மூன்றடி நடை. ஆளுக்கு ஐந்தடி அகலம் கிடைக்கும். படுக்கவும், தலைமாட்டில் பை வைக்கவும், ஆணியில் சட்டை மாட்டவும் அது சரியாக இருக்கும். மீதிப் பேருக்கு இரண்டு பேர் படுக்கிற சின்ன அறை ஒன்றும், நான்கு பேர் படுக்கிற தனி அறை ஒன்றும் வேண்டும். அந்த நாலு பேர் அறை யாருக்கு என்பதைப் பெண் கலைஞர்கள் கேள்வியில் சொல்கிறேன். தேசியக் கட்டட விதித் தொகுப்புப்படி ஆள் தங்கும் அறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 102 சதுர அடிக்குக் குறையக்கூடாது. அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு உயரத்தை 11 அடியாக்கினால் நல்லது.

ஆளுக்கு ஓர் அறை கட்டித் தருகிறேன் என்று பெருந்தன்மையாகக் கிளம்பாதீர்கள். கூத்துக்காரர்கள் ஒன்றாகப் படுத்து, நேற்றைய ஆட்டத்தில் யார் எங்கே தாளம் விட்டார்கள் என்று பேசிச் சிரித்துவிட்டுத்தான் தூங்குவார்கள். தனி அறை முதுகு வலிக்கும் பெரிய வாத்தியாருக்கும் உடம்பு சரியில்லாதவருக்கும் போதும்.

கட்டிலா, பாயா?

இரண்டும். பழகினவர்கள் கோரைப் பாயைத்தான் கேட்பார்கள், வெயில் காலத்தில் தரைதான் குளிர்ச்சி. ஆனால் ராத்திரி முழுக்கக் கிறுகிக்கை அடித்து, அதாவது சுழன்று சுழன்று, ஆடிய ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது தண்டனை. கூடத்தின் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பதினாறு அங்குல உயரத்தில் திண்ணை மாதிரி செங்கல் மேடை கட்டி மேலே ரெட் ஆக்சைடு பூசிவிட்டால் கட்டில் செலவு மிச்சம், அடியில் மூட்டைப்பூச்சியும் தங்காது. மரக்கட்டில் வேண்டவே வேண்டாம்.

பகல்ல தூங்குறாங்கன்னு சொல்றீங்க. மே மாச வேலூர் வெயில்ல அது நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் வழக்கமான பிளானில் நடக்காது. வீடு கட்டும்போது எல்லாரும் மேற்குச் சுவரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். மாலை வெயிலைக் குடித்த சுவர் ராத்திரி முழுக்கச் சூட்டைக் கக்கும் என்பதால். ராத்திரி தூங்குகிறவருக்கு அது சரியான பயம். கூத்துக்காரர் தூங்குவதோ காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை. அந்த நேரத்தில் வெயில் அடிப்பது கிழக்குச் சுவரிலும் கூரையிலும். மேற்குச் சுவரில் வெயில் விழவே உச்சி சாய வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருந்தால் அந்தச் சூடு உள்ளே வந்து சேர இன்னும் சில மணி நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் எழுந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பகலில் தூங்குகிறவர்களுக்கு மேற்குப் பக்கம், ராத்திரி தூங்குகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கம். கூடத்துக்குக் கிழக்கே வேஷப் பெட்டிகள் வைக்கும் பெட்டி அறை, சாமான் அறை, தாழ்வாரம் ஆகியவற்றை வரிசையாக வைத்துவிட்டால் காலை வெயில் அங்கேயே நின்றுவிடும்.

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து விழும். கூத்து மும்முரமாக நடக்கிற சித்திரை, வைகாசி இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. நான்கு பக்கமும் இரண்டடி சன்ஷேடு போடுங்கள். கிழக்கில் ஒரு வேப்பமரம் இருந்தால் அதை வெட்டிவிட்டுக் கட்டடம் கட்ட வேண்டாம், கட்டடத்தை நகர்த்துங்கள்.

அடுத்தது கூரை. வெறும் காங்கிரீட் தளத்தின் அடியில் பகல் பன்னிரண்டுக்குப் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஃபேன் சுற்றச் சுற்ற மேலே இருக்கும் அனலைத்தான் கீழே தள்ளும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது நம் பக்கத்துப் பழைய முறை. இப்போது வெள்ளை நிறக் குளிர் ஓடும் வருகிறது. எதுவானாலும் சரி, மேலே வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கூடத்தை ஒற்றை மாடியாக விட்டு, மேலே இரும்புச் சட்டத்தில் நாட்டு ஓடு வேய்ந்து, தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்று ஓடும்படி விட்டால் இன்னும் நல்லது. தென்னங்கீற்றுப் பந்தல் மலிவுதான், ஆனால் வாணவேடிக்கை விடுகிற கோயிலுக்குப் பக்கத்தில் அதைப் போடாதீர்கள்.

இருட்டும் வேண்டும், காற்றும் வேண்டும். ஜன்னலை மூடி இருட்டாக்கினால் புழுங்கும். மரப்பட்டி சாய்த்து அடித்த கதவு இதற்கென்றே வந்தது. வெளிச்சத்தை மறித்துவிட்டுக் காற்றை மட்டும் விடும். மேலே சுவரோரம் வெண்டிலேட்டர், அதில் கொசுவலை. சத்தம் மூன்றாவது எதிரி. விழா நாளில் விடிந்ததும் பக்திப் பாட்டு, மதியம் பாரதப் பிரசங்கம், எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய். அந்தக் குழாயைக் கட்டக் கம்பம் தேடுகிறவர் இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியைத்தான் முதலில் பார்ப்பார். மாடிப்படிக்குக் கதவு போட்டுப் பூட்டுங்கள்.

இவ்வளோ பாடு எதுக்கு? ஏசி போட்டா முடிஞ்சிதே!

முந்தைய பதிலில் சொன்னதைச் செய்யாமல் ஏசி போட்டால் மின்கட்டணம் விழாச் செலவை மிஞ்சும், கரண்ட் போன அரை மணியில் எல்லாரும் வாசலில் நிற்பார்கள். அதைவிட, விடிய விடிய உச்சத்தில் பாடிய தொண்டையோடு ஏசியில் படுக்கப் பல பேர் சம்மதிக்க மாட்டார்கள். "தொண்டை கட்டிக்கும்" என்பார்கள். அடுத்த இரவும் பாட வேண்டும் இல்லையா?

வேலூர் கடற்கரை ஊர் அல்ல. கத்திரி வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும். அதனால் தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைப் போட்டால் துணிகூடக் காயாது. கூடத்துக்குக் கூலரும் நிறைய ஃபேனும், சின்ன அறை ஒன்றுக்கு மட்டும் ஏசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டும் நகையும் வைத்திருக்கிற நாட்டியக் குழுவுக்கு அந்த அறை உதவும்.

மேடைக்கு ஒட்டினாப்ல கட்டிடலாமா? அவங்களுக்கும் நடக்கிற தொல்லை இல்லை.

வேஷம் கட்டும் அறை மேடைக்கு ஒட்டி இருக்கட்டும். படுக்கும் இடம் தள்ளியே இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி நடக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒருவர் தூங்க வேண்டிய நேரத்தில் இன்னொருவர் மத்தளத்தைச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார். நடுவில் பெட்டி அறையும் ஒரு தாழ்வாரமும் இருந்தாலே சத்தம் பாதியாக அடங்கும். ஜெனரேட்டரை மேடைக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

தள்ளி என்றால் தெருவைத் தாண்டி அல்ல. கலைஞர் வேஷத்தோடு பார்வையாளர் கூட்டத்துக்குள் நுழைந்து கழிவறைக்குப் போகும்படி விடக்கூடாது. மேடைக்குப் பின்பக்கமாகவே, கூரை போட்ட ஒரு வழி. அந்த வழியில் படி வேண்டாம், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் தளம் போடுங்கள். சக்கர நாற்காலிக்கும் ஆகும், பெட்டி தள்ளவும் ஆகும்.

பெட்டிய எங்க வேணா போட்டுக்கலாம்தானே? அதுக்கும் ஒரு ரூமா?

ரூம்தான். மரக்கட்டை அணிகலன் கட்டி ஆடுகிற கட்டைக்கூத்தின் கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடையில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிச் செய்தவை. எடை குறைந்த மரம் என்பதால் பூச்சிக்கும் பிடிக்கும். ஈரச் சுவரோரம் ஒரு மழைக்காலம் இருந்தால் தாள் உரிந்து சில்லு கொட்டிவிடும். மத்தளத் தோலும் ஈரத்தில் தொய்ந்து சுருதி நிற்காது. ஆகவே பெட்டி அறை குளியலறைச் சுவரை ஒட்டி வரக்கூடாது. அஸ்திவாரம் போடும்போதே கரையானுக்கு மருந்து அடியுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கடப்பைக் கல் மேடை, கிரீடம் மாட்ட முளை, நாலடி அகலக் கதவு, டாடா ஏஸ் வண்டி பின்னோக்கி வந்து நிற்க இடம். முதல் நாள் பெட்டிக்குப் பூஜை போட்டுக் கற்பூரம் ஏற்றுவார்கள். அதற்கு ஒரு சின்ன மாடமும் வாசலில் செருப்பு விட இடமும் இருந்தால் அவர்களே சந்தோஷப்படுவார்கள்.

பாத்ரூம் எத்தனை? ரெண்டு போதாது?

லாட்ஜில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் குளிப்பார்கள். இங்கே பதினைந்து பேரும் காலை ஆறரைக்கு ஒரே நேரத்தில் குளிப்பார்கள். பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போர் அன்றைக்கு, துரியோதனன் விழும் படுகளம் முடிந்து வர வெயில் ஏறிவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் களைப்பும் பசியும் சேர்ந்திருக்கும், வரிசையில் நிற்கப் பொறுமை இருக்காது. கூடத்துக்கு நான்கு கழிவறை, மூன்று குளியலறை. கழிவறையில் ஒன்று மேல்நாட்டு வகை, முழங்கால் வலிக்காரர்களுக்காக.

ஆனால் உண்மையான நெருக்கடி குளியலறையில் இல்லை, முகம் கழுவுகிற இடத்தில். வேஷம் கலைப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி நெற்றியிலிருந்து தேய்ப்பார்கள். சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் குழைந்து முகம் முழுக்க ஒரே சேற்று நிறமாகும். பழைய வேட்டித் துண்டால் வழித்து எடுத்து, மறுபடி எண்ணெய், மறுபடி துண்டு, அதற்குப் பிறகுதான் சோப்பு. கால் மணி நேர வேலை. இதைக் குளியலறைக்குள் செய்ய விட்டால் வரிசை நகராது. வெளியே கூரைக்கடியில் நீளமாக ஒரு தொட்டி, ஆறு குழாய், எதிரே நீளக் கண்ணாடி, நல்ல விளக்கு. எண்ணெயும் சாயமும் நேராகக் குழாயில் போனால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அதனால் எண்ணெய் மிதந்து தங்கும் ஒரு சின்னத் தொட்டியை நடுவில் கட்டி மூடி போடுங்கள். எண்ணெய்த் துணி போட ஒரு வாளி.

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் சோப்பு நுரைக்காது. முகம் கழுவும் தொட்டிக்கு மட்டுமாவது குடிநீர்த் திட்டத் தண்ணீரோ மழைநீரோ வருகிற மாதிரி தனிக் குழாய் இழுங்கள். அளவு: ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது வீட்டுக் கணக்கு, பதினெட்டு பேருக்கு 2,400 லிட்டர் சொச்சம். இதில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் செலவாகும் என்பதால் மேல்தொட்டி அதற்குக் குறையக்கூடாது, கீழே இன்னொரு மடங்கு இருப்பும் வேண்டும்.

பொம்பளைங்க யாரும் கூத்தாட வர்றதில்லையே, அவங்களுக்கு எதுக்குத் தனி ரூம்?

வருகிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று மேடையேறினார்கள். அது தவிர கரகாட்டம், பரதநாட்டியம், கர்நாடக இசை, நவீன நாடகம் என்று பார்த்தால் பெண்கள் இல்லாத குழுதான் குறைவு. அறை இல்லாததால் வராமல் போனவர்களை யாரும் கணக்கெடுப்பதும் இல்லை.

முன்னே சொன்ன நாலு பேர் அறை இவர்களுக்கு. கழிவறையும் குளியலறையும் அறைக்குள்ளேயே, தாழ்ப்பாள் உள்பக்கம், துணி உலர்த்த உள்முற்றமோ மறைவான கொடியோ. பாதுகாப்பு என்று சொல்லிக் கட்டடத்தின் கோடியில் தள்ளிவிடுவார்கள், அது தப்பு. வெளிச்சம் இருக்கும் பக்கம், மேடைக்குப் போகும் வழிக்கு அருகில், ஆண்கள் கூடத்தைத் தாண்டாமல் போகிற மாதிரி இருக்க வேண்டும். சிறுவர், சிறுமியர் வந்தால் அவர்களோடு ஒரு பெரியவர் தங்கியே ஆக வேண்டும். திருநங்கைக் கலைஞர்கள் வரும்போது எங்கே படுக்கிறீர்கள் என்று அவர்களையே கேளுங்கள். முன்பு சொன்ன இரண்டு பேர் அறைக்கும் உள்ளேயே கழிவறை வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சமையல்கட்டு வைக்கணுமா, இல்ல ஓட்டல்ல சொல்லிக்கலாமா?

சின்னதாக ஒன்று வையுங்கள். அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் ஓட்டல் திறந்திருக்காது. வேஷம் கட்டுவதற்கு முன் வயிறு முட்டாத சாப்பாடு, நடுராத்திரி டீ, விடியலில் சூடாக ஏதாவது, பகல் இரண்டுக்கு மேல் முழுச் சாப்பாடு. அடுப்பு படுக்கும் கூடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும், தாளிக்கிற நெடிக்கு யாரும் தூங்க முடியாது. கோயில் வளாகத்துக்குள் கட்டினால் அசைவம் கிடையாது என்று பலகை வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே என்றால் பாத்திரத்தை மட்டும் தனியாக வையுங்கள், காப்பு கட்டி விரதம் இருப்பவர்களுக்கும் சங்கடம் இராது.

ஓவியர், சிற்பி மாதிரி ஆளுங்க ஒரு மாசம் தங்க வந்தா?

அவர்கள் வேறு ரகம். கூத்துக்காரருக்குத் தூங்க இடம் கொடுத்தால் போதும், இவர்களுக்கு வேலை செய்ய இடம் வேண்டும், தூங்குவது ஓரத்தில் நடந்துவிடும். வேலை அறையையும் படுக்கை அறையையும் ஒரு சுவராவது பிரிக்கட்டும். டர்ப்பன்டைன் நெடியில் ஒரு மாதம் படுப்பது உடம்புக்கு ஆகாது. வேலை அறைக்கு வடக்கு வெளிச்சம் நல்லது, பகல் தூக்கம் பற்றிய கேள்வியில் சொன்ன சன்ஷேடோடு. கருங்கல் செதுக்குகிறவருக்கு அறையே வேண்டாம், தூசு வெளியே போக ஓர் ஓட்டுக் கொட்டகை போதும்.

வெளிநாட்டவர் தங்கினால், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் அவர் தங்கும் விவரத்தைப் பதிய வேண்டியது இடம் கொடுக்கிறவர் பொறுப்பு. காசு வாங்காத விருந்தாளிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

எங்ககிட்ட பழைய அரிசி மண்டி ஒண்ணு கீது. அத்த மாத்திக்கலாமா?

மாற்றலாம், பெரும்பாலும் அதுதான் லாபம். பழைய மண்டிகளில் சுவர் தடிமன், உயரம் தாராளம், கதவு வண்டி போகும் அகலம். பார்க்க வேண்டியது மூன்று. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் நனைத்து, முழுசாகக் கழற்றத் தெரிந்த ஆளை வையுங்கள். இரண்டாவது, ஜன்னல் இருக்காது. சுவரை உடைக்கும் முன் மேலே உத்தரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பொறியாளர் பார்க்கட்டும். மூன்றாவது, கழிவுநீர் போக மட்டம் இருக்கிறதா என்பது. இது இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

பர்மிஷன் எல்லாம் வாங்கணுமா? ஊர்ப் பொதுக் காரியம்தானே?

வாங்கத்தான் வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 கிராமத்துக்கும் பொருந்தும். மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கோயில் இடம் என்றால் அறநிலையத் துறைக்குத் தெரியாமல் ஒரு செங்கல் வைக்கக்கூடாது. புறம்போக்கில் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சீசன் முடிஞ்சா ஆறு மாசம் சும்மாத்தானே கிடக்கும்? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா என்ன?

ஒரு தடவை விட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கும் கேட்பார்கள், பங்குனியில் ஜமா வரும்போது பெண் வீட்டார் உள்ளே இருப்பார்கள். சட்டத்திலும் கல்யாண மண்டபத்துக்கு வேறு அனுமதி, வேறு தீயணைப்பு ஏற்பாடு. பயிற்சி முகாம், ஒத்திகை, முன்னே சொன்ன ஓவியர், சிற்பி என்று நிரப்பப் பாருங்கள். மழைக்காலம் கூத்துக்கு வேலை இல்லாத காலம், புது ஆட்டம் பழக அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

நல்ல அறையைச் சீஃப் கெஸ்டுக்கு ஒதுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சீஃப் கெஸ்ட் காரில் வந்து காரில் போகிறவர்.

பறை அடிக்கிறவங்களையும் மத்தவங்களையும் ஒரே இடத்துல தங்க வெச்சா ஊர்ல பேச்சு வராதா?

இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை, கூட்டம் முடிந்து தோளில் கை போட்டுக் கேட்கிறார்கள். பேச்சு வரலாம், வரட்டும். ஒரே கூடம், ஒரே தொட்டி, ஒரே தட்டு. தனி வாசல், தனிக் குழாய் என்று பிளானில் கோடு போடச் சொன்னால் நான் போடுவதில்லை. தீண்டாமையை அரசியல் சட்டமே ஒழித்திருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. குழுவுக்குக் குழு நேரம் வேறு என்பதால் கூடத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் தூங்கும் நேரத்தை வைத்துப் பிரியுங்கள்.

குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணா? பூட்டி வெச்சி, கேக்கும்போது தொறந்து வுடலாம்னு இருக்கோம்.

யாராவது ஒருவர் குடிப்பார், அதற்காகப் பதினைந்து பேரை வாசலில் நிற்கவைக்க முடியாது. ஒப்பந்தம் பேசும்போதே வாத்தியாரிடம் சொல்லுங்கள், தம் ஆட்களை அவர் பார்த்துக்கொள்வார். சாவியை வந்த அன்றே அவரிடம் கொடுத்து, போகும் அன்று வாங்குங்கள். விடியற்காலையில் வாட்ச்மேனைத் தேடி ஆள் அனுப்புகிற ஏற்பாடு எத்தனை நல்ல கட்டடத்தையும் கெடுத்துவிடும்.

எல்லாம் சரி. கையில இருக்கிறது பாதிக் காசுதான். எதை முதல்ல கட்டறது?

கழிவறை, குளியலறை, முகம் கழுவும் தொட்டி, மேல்தொட்டி முதலில். இவை இருந்தால் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் படுத்தாலும் குழு சமாளித்துவிடும். இரண்டாவது பெண்கள் அறை. மூன்றாவது கூடம், கூரையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல். பூச்சு வேலை, டைல்ஸ், வாசல் வளைவு, நன்கொடையாளர் பெயர்ப் பலகை எல்லாம் பிறகு. பெயர்ப் பலகை வைத்தால்தான் காசு வரும் என்றால் அதைத் தண்ணீர்த் தொட்டியில் பதியுங்கள், தினமும் எல்லாரும் பார்ப்பார்கள்.

பாதி கட்டினாலும் பிளானை முழுசாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் கூடம் வரப்போகிற இடத்தில் செப்டிக் டேங்க் தோண்டி வைத்தவர்கள் உண்டு. குழாயும் மின்கம்பியும் போக வேண்டிய இடத்தில் சுவருக்குள் நாலு அங்குல பைப் விட்டு, வாயை அடைத்து, எது எதற்கு என்று வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியைக் குழுத் தலைவர் வீட்டிலும் இன்னொன்றைப் பெட்டி அறையிலும் வையுங்கள்.